பெட்டிக்குள் ஒரு குளம்! கொளத்தூரில் மரப்பெட்டி பிரித்த ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. சென்னை கொளத்தூரில் மற்ற தெருக்கள் இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்க, வண்ண மீன் கடைகள் இருக்கும் தெரு மட்டும் எப்போதோ விழித்துவிட்டது. கடைக்குக் கடை ஏர் பம்ப் சத்தம், 'கொர்ர்ர்' என்று ஒரே சுருதியில். வாசலில் கட்டிய கயிற்றில், காற்றடைத்த பாலிதீன் பைகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒன்றில் ஆரஞ்சு கோல்டு ஃபிஷ், ஒன்றில் கறுப்பு மோலி, ஒன்றில் வாலை விசிறி மாதிரி விரித்த ஃபைட்டர். பக்கத்து டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி கொதிக்கும் வாசம், ஈரத் தரையின் பாசி வாசத்தோடு கலந்து வருகிறது.

அந்தத் தெருவின் நடுவில் இருக்கிறது ஒரு சின்னக் கடை. கடை வாசலில் காலை ஆறு மணியிலிருந்தே ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. கடைக்காரருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அவர் 'மாஸ்டர்'. முப்பது வருடங்களாகக் கண்ணாடி ஒட்டி மீன்தொட்டி செய்பவர். இன்று அவர் எதையும் ஒட்டப்போவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு தொட்டியைப் பெட்டியிலிருந்து பிரித்து எடுக்கப்போகிறார். அந்தக் கடைக்கு அப்படி ஒரு தொட்டி வருவது இதுதான் முதல்முறை.

வீட்டுக்கு வீடு தொட்டி

ரெட்டேரிக்கும் வில்லிவாக்கத்துக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதியில், மீன் என்றால் குழம்பு மட்டும் அல்ல, பிழைப்பு. மொட்டைமாடியிலும் கொல்லைப்புறத்திலும் சிமென்ட் தொட்டி கட்டி, கப்பி, மோலி, பிளாட்டி வளர்க்கும் குடும்பங்கள் ஏராளம். புழல், மாதவரம், பொன்னேரி பக்கத்துப் பண்ணைகளிலிருந்தும் மீன்கள் வந்து சேர்கின்றன. இங்கிருந்து இந்தியாவின் பல ஊர்களுக்கும் போகின்றன. பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன், வாயில் இறுக்கிய ரப்பர் பேண்டு, அதைச் சுற்றித் தெர்மாகோல் பெட்டி. இவ்வளவுதான் மீனின் ரயில் டிக்கெட். இந்த வியாபாரிகளுக்காகவே வில்லிவாக்கத்தில் அரசு ஒரு வண்ண மீன் வர்த்தக மையமும் கட்டியிருக்கிறது.

சென்னைக்காரர்களுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் மீன் பார்க்கும் ஆசை புதிதல்ல. 1909-லேயே மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்ட ஊர் இது.

"நான் தொழிலுக்கு வந்தப்போ தொட்டிக்கு நாலு பக்கமும் இரும்பு ஆங்கிள் சட்டம் இருக்கும். உள்ள பட்டி அடைச்சுக் கண்ணாடி வெப்போம். துரு பிடிக்கும், ஒழுகும். அப்புறம்தான் சிலிகான் வந்துச்சு. சட்டமே வேணாம், கண்ணாடியோட கண்ணாடி ஒட்டிக்கிச்சு" என்கிறார் மாஸ்டர். அவர் ஒட்டிய தொட்டிகள் கல்யாண மண்டபத்தில், டாக்டர் கிளினிக்கில், முடிதிருத்தும் கடையில் என எங்கெங்கோ நிற்கின்றன. 2016 வர்தா புயலில் மின்சாரம் போய், பம்ப் நின்றபோது, கடைத் தொட்டிகளில் ராத்திரி முழுக்கச் சொம்பால் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாராம். தண்ணீர் மேலிருந்து விழுந்தால் காற்றும் சேர்ந்து உள்ளே போகுமே, அதற்காக. "பாதி மீனு பொழச்சுது. என் தோளு ஒரு வாரம் பொழைக்கல" என்று சிரிக்கிறார்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. செல்போனில் பார்த்த படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்று வருகிறார்கள் வாடிக்கையாளர்கள். மேலே சட்டம் கிடையாது, கண்ணாடியில் பச்சைச் சாயல் கிடையாது, ஓரங்கள் பட்டுப்போல வழவழப்பு. சாதாரணக் கண்ணாடியில் இரும்புச்சத்து கொஞ்சம் இருப்பதால் ஓரத்தில் பச்சை தெரியும். இரும்பைக் குறைத்துச் செய்யும் கண்ணாடியில் தண்ணீர் இருப்பதே தெரியாது. அப்படி ஒரு நாலடித் தொட்டியைத்தான் அம்பத்தூரில் இருக்கும் ஒரு குடும்பம் கேட்டது. கடைக்காரர் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி, இறக்குமதியாளர் ஒருவரிடம் ஆர்டர் போட்டார். அதில் பாதியைத்தான் அந்தக் குடும்பம் முன்பணமாகக் கொடுத்திருக்கிறது.

குட்டி யானையில் வந்த பெட்டி

எட்டரை மணிக்கு அம்பத்தூர் குடும்பம் வந்துவிட்டது. அப்பா, அம்மா, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள். தொட்டி மகளுக்கு அல்ல, அவளுடைய தாத்தாவுக்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப்-ல் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து ஹால் நாற்காலியே கதி. "டி.வி. பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சும்மா. உசுரோட அசையுற எதையாவது பார்க்கணும்" என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறார். ஹாலில் ஷோகேஸை நகர்த்தி, இடம் ஒழித்து வைத்துவிட்டு, காலையிலிருந்து இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

ஒன்பது மணிக்குத் தெருமுனையில் திரும்பியது ஒரு குட்டி யானை. பின்னால், பச்சைத் தார்ப்பாய்க்குக் கீழே, ஒரு மரப்பெட்டி. சீனாவில் கப்பலேறி, சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, செங்குன்றம் பக்கத்துக் கிடங்கில் சில நாள் தூங்கிவிட்டு வந்திருக்கிறது. தடித்த பிளைவுட் பலகை, சுற்றிலும் பைன் மரச் சட்டம், மூலைக்கு மூலை இரும்புத் தகடு, குறுக்கே இரண்டு பிளாஸ்டிக் பட்டை.

"தொட்டிக்கு வீடே கட்டி அனுப்பியிருக்கான்!" என்றார் டீக்கடைக்காரர், டம்ளரோடு வந்து நின்று.

நான்கு லோடுமேன்கள் கைகொடுத்து இறக்கினார்கள். பத்து மில்லிமீட்டர் கண்ணாடியில் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் வெறும் கண்ணாடியே ஐம்பது கிலோவைத் தாண்டும். பெட்டியின் எடை தனி.

பெட்டியின் மேல் ஒயின் கிளாஸ் படம், குடை படம், மேல் நோக்கிய இரண்டு அம்புகள். "தாத்தா, இது யாரோ சரக்கடிக்கிறவங்க பெட்டியா?" என்று சிறுமி கேட்க, தெருவே சிரித்தது. "இல்ல கண்ணு. எந்த ஊர்ல எந்த பாஷை பேசுறவன் தூக்குவான்னு தெரியாதுல்ல? அதான் படம். கிளாஸுன்னா உடையுற பொருள், குடைன்னா நனையக்கூடாது, அம்புன்னா இந்தப் பக்கம் மேல" என்று விளக்கினார் மாஸ்டர்.

சிவந்த ஸ்டிக்கர்

டிரைவர் காகிதத்தை நீட்டி, "கையெழுத்துப் போடுங்கண்ணே, இன்னும் மூணு டெலிவரி இருக்கு" என்று அவசரப்படுத்தினார். கடைக்காரர் பேனாவை எடுத்துவிட்டார். மாஸ்டர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின்பக்கம் உட்கார்ந்து பார்த்தார்.

அங்கே ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர். பெட்டியைச் சாய்த்தால் காட்டிக்கொடுப்பதற்கென்றே ஒட்டுவது. சாயாமல் வந்தால் அதன் நிறம் மாறாது. அளவுக்கு மேல் சாய்ந்திருந்தால் சிவப்பாகிவிடும். திரும்ப நிமிர்த்தினாலும் பழைய நிறம் வராது.

ஸ்டிக்கர் சிவப்பாக இருந்தது. அதே பக்கம், கீழ் மூலையில், இரும்புத் தகடு லேசாக நசுங்கியிருந்தது.

"நான் எதுவும் பண்ணலண்ணே. கெடங்குல ஏத்துனபடியே கொண்டாந்தேன்" என்றார் டிரைவர். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கப்பலில், துறைமுகத்தில், கிடங்கில் என எத்தனையோ கைகள் மாறி வந்த பெட்டி. யாரையும் திட்டவில்லை மாஸ்டர். "அவரு மேல தப்பு சொல்லலப்பா. பார்த்ததை எழுது. எழுதிட்டுக் கையெழுத்துப் போடு" என்றார். 'சாய்வு ஸ்டிக்கர் சிவப்பு. இடது பின் கீழ் மூலை நசுங்கியுள்ளது. பிரித்துப் பார்க்கவில்லை' என்று காகிதத்திலேயே எழுதி, அதை போட்டோ எடுத்து, பிறகுதான் கையெழுத்துப் போட்டார் கடைக்காரர். பெட்டி பிரிப்பதை முதல் ஸ்க்ரூவிலிருந்து வீடியோ எடுக்கும் வேலையை அம்பத்தூர்க்காரர் ஏற்றுக்கொண்டார்.

ஒவ்வொரு ஸ்க்ரூவாக...

லோடுமேன் ஒருவர் கடப்பாரையோடு வந்தார். மாஸ்டர் தலையாட்டிவிட்டார். "நெம்புனா மரம் பொளக்கும். பொளந்த மரம் உள்ள போயி எங்க குத்தும்னு யாருக்குத் தெரியும்?" பேட்டரி டிரில்லை எடுத்து, மேல் பலகையின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டே வந்தார். சிறுமிக்கு எண்ணும் வேலை. முப்பத்திரண்டு வந்தது.

நடுவில், பலகையில் சூடு போட்டது போன்ற ஒரு முத்திரையைக் கண்டுபிடித்தாள் அவள். கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம், பக்கத்தில் ஆங்கில எழுத்துகள். மரத்துக்குள் ஒளிந்து ஒரு நாட்டு வண்டு இன்னொரு நாட்டுக்குப் போய்விடாமல் இருக்க, ஏற்றுமதிப் பெட்டி மரத்தைச் சூடேற்றுவது போன்ற முறையில் பதப்படுத்தியாக வேண்டும் என்பது உலக விதி. வழக்கமாகச் சூடேற்றும் முறையில், மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடமாவது இருக்க வேண்டும். பதப்படுத்திய மரத்துக்குத்தான் அந்தக் கதிர் முத்திரை. "ஒரு பூச்சி வரக் கூடாதுன்னு இவ்ளோ பார்க்கறான். நம்ம பார்க்கலாமா வேணாமா?" என்றார் மாஸ்டர், யாரையும் பார்க்காமல்.

மேல் பலகை வந்தது. உள்ளே கெட்டியான கறுப்பு ஃபோம். அதை எடுத்ததும் வெள்ளை ஃபோம். நான்கு பக்கப் பலகைகளையும் கழற்றி ஓரமாகச் சாய்த்தார்கள். பெட்டியிலிருந்து தொட்டியை யாரும் தூக்கவில்லை. தொட்டியைச் சுற்றியிருந்த பெட்டியைத்தான் எடுத்தார்கள். கடைசியில் அடிப்பலகை மேல், பிளாஸ்டிக் தாள் சுற்றி நின்றது தொட்டி. தாளை உரித்ததும் லேசாக ஒரு புளித்த வாடை. "சிலிகான் வாடை. காயும்போது வினிகர் மாதிரி அடிக்கும். மூடியே கெடந்ததால இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு."

எல்லோரும் ஒரு நிமிடம் பேசவில்லை. கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பின்னால் நின்ற டீக்கடைக்காரர், நேராகத் தெரிந்தார்.

மாஸ்டர் ஓரத்தை விரலால் தடவினார். சிலிகான் கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தார். "நல்லா ஒட்டியிருக்கான். ஒரு குமிழி கூட இல்ல" என்றார். முப்பது வருடம் அதே வேலையைச் செய்தவர், முகம் தெரியாத ஒரு தொழிலாளிக்குக் கொடுத்த சான்றிதழ் அது.

கட்டைவிரல் நகம் அளவு

பிறகு பின்பக்கக் கண்ணாடியின் கீழ் மூலைக்குப் போனார். பெட்டி நசுங்கியிருந்த அதே மூலை. அங்கே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அதிலிருந்து மேல்நோக்கி ஓர் அங்குலத்துக்கு, முடியைவிட மெல்லிய ஒரு கோடு.

"கீறலா இருக்கும் மாஸ்டர்" என்றார் கடைக்காரர். குரல் சற்றே தாழ்ந்திருந்தது.

மாஸ்டர் கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டினார். நகம் தடுக்கவில்லை. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். கண்ணாடிக்குள்ளே வெள்ளி இழைபோல மின்னியது. "மேல விழுந்த கீறல்னா நகம் சிக்கும். இது உள்ள விட்ட வெடிப்பு."

கடைக்காரர் அவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். கட்டிய பணம் முழுக்க உள்ளே மாட்டியிருக்கிறது. புகார் கொடுத்தால் பதில் எப்போது வரும், வருமா என்பதே தெரியாது. "பின்பக்கம்தானே மாஸ்டர்? செவுத்துப் பக்கம் திருப்பிட்டா யாருக்குத் தெரியும்? முக்கால் தொட்டி தண்ணி ஊத்தச் சொல்லிடலாம்." கெட்டவர் அல்ல அவர். வாடகை நாள் நெருங்கும்போது எந்தக் கடைக்காரர் மனதிலும் எட்டிப்பார்க்கும் கணக்குதான் இது.

"எனக்குத் தெரியும்ல?" என்றார் மாஸ்டர்.

பல வருடங்களுக்கு முன் அவரே செய்த ஒரு தொட்டியின் கதையை அப்போதுதான் சொன்னார். ஓரத்தில் சின்னச் சில்லு. தாங்கும் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். ஒரு ராத்திரி அது விட்டுவிட்டது. வீடு முழுக்கத் தண்ணீர். தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரை போய்விட்டது. அந்த வீட்டுக்காரர் விழித்து மெயினை அணைத்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "அவரு என்னைத் திட்டக்கூட இல்ல. அதான் இன்னும் மறக்கல."

கணக்கும் அவர் பக்கம்தான். இந்த அளவுத் தொட்டியை நிரப்பினால் ஏறக்குறைய 240 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அந்தத் தண்ணீர் பின்பக்கக் கண்ணாடியை மட்டும் சுமார் 120 கிலோ எடைக்குச் சமமாக வெளியே தள்ளும். அழுத்தம் அதிகமாக இருப்பது அடியில். வெடிப்பு இருப்பதும் அடியில். எதிரே, நாற்காலியை விட்டு எழுந்து ஓட முடியாத ஒரு பெரியவர்.

கடைக்காரர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரும் சொல்லாமலே அம்பத்தூர்க்காரரிடம் போய், டார்ச் அடித்து, கோட்டைக் காட்டினார். "சார், இதை உங்களுக்குத் தர முடியாது. அட்வான்ஸை இப்பவே வாங்கிக்கோங்க."

"வெடிப்பு விட்ட ஷீட்டு ரயில் ஏறாது"

சிறுமியின் முகம் சுருங்கிவிட்டது. அதே நேரம் பார்த்து, தாத்தாவிடமிருந்து வீடியோ கால். "என்னம்மா, வந்துடுச்சா?" மருமகளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. போனை வாங்கி, அந்த மூலையைக் காட்டினார் மாஸ்டர். மறுமுனையில் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, சற்று நேரம் உற்றுப் பார்த்தார் முன்னாள் வெல்டர்.

"வெடிப்பு விட்ட ஷீட்டை நாங்க ரயில்ல ஏத்த மாட்டோம்" என்றார்.

இரண்டு பெரியவர்களும் அதற்குப் பிறகு பத்து நிமிடம் பேசிக்கொண்டார்கள். பேச்சு தொட்டியைப் பற்றி ஆரம்பித்து, ஓவர்டைம், கண் எரிச்சல், முதுகுவலி என்று எங்கோ போய் முடிந்தது.

போனை வைத்ததும் மருமகள்தான் கேட்டார். "அண்ணே, இதே மாதிரி நீங்களே ஒண்ணு ஒட்டித் தர முடியுமா?"

மாஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. "இந்தக் கண்ணாடி இங்கேயும் கெடைக்கும்மா. ஓரம் பாலிஷ் போட வெளிய கொடுக்கணும். இவ்ளோ மெல்லிசா கோடு வருமான்னு கேட்டா, முயற்சி பண்றேன்னுதான் சொல்லுவேன். ஒட்டி, காயவிட்டு, தண்ணி ஊத்தி ரெண்டு நாள் வெச்சுப் பார்த்துட்டுத் தருவேன். ரெண்டு வாரம் ஆகும்."

"அப்ப மீன் எப்ப வரும் தாத்தா?" என்றாள் சிறுமி.

"தொட்டி வந்த அன்னிக்கும் மீன் வராது கண்ணு." மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம். அதைத் தின்று மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற, வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். "கண்ணுக்குத் தெரியாதவங்க மொதல்ல குடிவரணும். அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியுறவங்க." அவள் விரல்விட்டு வாரங்களை எண்ண ஆரம்பித்தாள்.

உங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தால்...

* கையெழுத்துக்கு முன் பெட்டியைச் சுற்றிப் பாருங்கள். நசுங்கல், ஈரம், சிவந்த ஸ்டிக்கர் இருந்தால், ரசீதிலேயே எழுதுங்கள், போட்டோ எடுங்கள்.
* முதல் ஸ்க்ரூவிலிருந்து கடைசித் தாள் வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள்.
* கடப்பாரை வேண்டாம். பெட்டியைத் தொட்டியிலிருந்து கழற்றுங்கள்.
* தூக்கும்போது அடியில் கைகொடுங்கள். மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். கையுறையும் செருப்பும் அவசியம்.
* ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மேலே சட்டம் இல்லாத தொட்டிக்கு அடியில் ஃபோம் விரிப்பு போடுங்கள்.
* மணல், செடி, மீன் எல்லாவற்றுக்கும் முன், வெறும் தண்ணீர் நிரப்பி ஒரு நாளாவது ஒழுகுகிறதா என்று பாருங்கள்.
* மின் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு, அப்புறம் பிளக்கில் மாட்டுங்கள். தண்ணீர் வழிந்தாலும் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டிவிடும்.

பெட்டி என்ன ஆச்சு?

மதியத்துக்குள் வீடியோவும் போட்டோவும் இறக்குமதியாளருக்குப் போய்விட்டன. பதில் வரும் வரை தொட்டியைத் தொடக் கூடாது என்று கயிறு கட்டி வைத்தாயிற்று. பணம் திரும்புமா என்பது அன்று மாலை வரை தெரியவில்லை. திரும்பாவிட்டால், பிளேடு போட்டுச் சிலிகானை அறுத்து, நல்ல கண்ணாடிகளைத் தனியே எடுத்துவிடலாம் என்கிறார் மாஸ்டர். பாதி நஷ்டமாவது குறையும்.

அட்வான்ஸை அம்பத்தூர்க்காரர் திரும்ப வாங்கவில்லை. "புதுத் தொட்டிக்கு வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் இரண்டாவது டீயை அன்றைக்கு முதல்முறையாக முழுசாகக் குடித்தார்.

பெட்டிப் பலகைகளுக்கு மட்டும் போட்டி. கோழிக் கூண்டு செய்ய ஒருவர் கேட்டார், மாடிப் புறாக்களுக்கு ஒருவர் கேட்டார். புகார் முடியும் வரை யாருக்கும் இல்லை என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். சிறுமி மட்டும் விடவில்லை. கடைசியில் அவளுக்காக ஒரு உடன்படிக்கை ஆனது. எல்லாம் முடிந்த பிறகு, அந்தக் கோதுமைக் கதிர் முத்திரை உள்ள துண்டை அறுத்து, தேய்த்து, அவளிடம் கொடுக்க வேண்டும்.

"எதுக்கு கண்ணு அது?"

"தாத்தா நாற்காலி பக்கத்துல மாட்டறதுக்கு. தொட்டி வர்ற வரைக்கும் அதைப் பார்த்துட்டிருப்பாரு."

மாஸ்டர் டேப்பை எடுத்து, வெடிப்பு விட்ட தொட்டியின் நீளத்தை அளந்து, கடைச் சுவரில் பென்சிலால் எழுதிக்கொண்டார். நாலடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை. அதற்குக் கீழே, சின்னதாக: அம்பத்தூர் பெரியவர்.